அடுக்கடுக்காய் ஒரு நகரம்

ஓவியம் என்றதும் நம் நினைவுக்கு வருவன கோடும் வண்ணமுமே. தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, கண்ட காட்சியையோ கருதிய காட்சியையோ தாளிலும் துணியிலும் தீட்டுவதே ஓவியம் என நெடுங்காலமாகக் கருதிவந்தோம். இருபதாம் நூற்றாண்டில் இவ்வரையறை விரிந்தது. அச்சிட்ட தாளை வெட்டி ஒட்டுவதும், நிழற்படத்தை வேறொரு பரப்புக்குப் பெயர்ப்பதும், பழைய கடிதம், துணித்துண்டு, பேருந்துச் சீட்டு முதலியவற்றைச் சாயத்தோடு சேர்ப்பதும் ஓவியத்தின் பாற்பட்டனவாயின. இவ்வாறு பல்வகைப் பொருள்களைக் கொண்டு ஆக்கப்படும் ஓவியத்தைக் கலப்பூடக ஓவியம் என்பர்.

அவ்வகையுள் ஒன்று, நிழற்படங்களைப் பெயர்த்து அடுக்கடுக்காக அமைத்து நகரக் காட்சியை உருவாக்கும் முறை. அதனைத் தோற்றுவித்தோர் யாவர், அது செயற்படுவது எவ்வாறு, நம் பள்ளிகளில் அதனைக் கற்பிப்பது எங்ஙனம் என்னும் மூன்றையும் இக்கட்டுரையில் முறையே காண்போம். காட்சிக்கலைக் கல்வியில் ஒட்டுப்படமும் அச்சுப்பதிவும் நம் தொடக்கப்பள்ளி மாணவர்க்குப் புதியன அல்ல. அவ்விரண்டும் கூடுமிடமே நாம் காணவிருக்கும் கலையாகும்.

நகரமும் அடுக்கும்

இம்முறை நகரக் காட்சிக்குச் சிறப்பாகப் பொருந்துவது ஏன்? நகரம் ஒரே நாளில் எழுவதன்று. ஒன்றன்மேல் ஒன்றாக எழுவது. நமக்கு நன்கு அறிமுகமான ஓரிடத்தையே சான்றாகக் கொள்வோம்.

கோலாலம்பூரில் 1881ஆம் ஆண்டு பெருந்தீ ஒன்றும் பெருவெள்ளம் ஒன்றும் நேர்ந்தன. மரச்சுவரும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊர் பெரிதும் அழிந்தது. 1882இல் சிலாங்கூரின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாகப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் எழுப்புதல் வேண்டும் எனப் பணித்தார். அதற்கு வேண்டிய செங்கல்லைச் சுட, ஊருக்குத் தெற்கே களிமண் நிலத்தில் சூளைகள் எழுந்தன. செங்கல் விளையும் வயல் என்னும் பொருள்பட அவ்விடம் பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கிய இருப்புப்பாதை 1886இல் திறக்கப்பட்டது. பின்னர் அப்பகுதியில் இரயில்பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் முற்றமும், ஊழியர் குடியிருப்புகளும் அமைந்தன. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் பலர் அங்கே குடியமர்ந்தனர். அவ்விரயில் முற்றம் இருந்த நிலத்தில்தான் 2001ஆம் ஆண்டு கேஎல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது.

களிமண், சூளை, தண்டவாளம், கண்ணாடிக் கட்டடம் என நான்கு அடுக்குகள் ஒரே நிலத்தில் இருக்கின்றன. இன்று அங்கே இறங்கும் பயணியின் கண்ணுக்கு மேலடுக்கு மட்டுமே புலனாகிறது. கீழுள்ள மூன்றும் பெயரில் மட்டும் எஞ்சியுள்ளன. செங்கல் வயலைக் கண்டவர் இன்று எவருமிலர். பெயர் மட்டும் அதனைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சிங்கப்பூர் அன்பர்கள் சிராங்கூன் சாலையை எண்ணிப் பார்க்கலாம். அதனை அடுத்துக் குதிரைப் பந்தயத் திடல் 1933வரை இருந்தது. மாட்டு வணிகமும் மாட்டுக் கொட்டில்களும் அவ்வட்டாரத்தை ஒரு காலத்தில் வளர்த்தன. பந்தயமும் போயிற்று, மாடும் போயிற்று. ரேஸ் கோர்ஸ் ரோடு, பஃபலோ ரோடு என்னும் பெயர்கள் நின்றன.

சொல்லால் நகரைப் பாடிய நம் புலவர்க்கு இத்தொல்லை இல்லை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் பகலங்காடியைக் காட்டியபின் அல்லங்காடியைக் காட்டுகிறார். இரவின் யாமங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டுகிறார். சொல் வரிசையாகச் செல்வது. ஆகலின் காலத்தையும் வரிசையாகச் சொல்ல வல்லது. ஓவியமோ ஒரே நோக்கில் காணப்படுவது. அதில் நேற்றையும் இன்றையும் ஒருங்கே காட்ட வேண்டுமாயின், ஒன்றன் ஊடே மற்றொன்று தெரிய வேண்டும். அதற்கு ஏற்ற கருவி, கண்ணாடிபோல் ஊடே காட்டும் அடுக்கு. அத்தகைய அடுக்கை ஆக்குவதே படப்பெயர்ப்பின் தனித்திறம்.

வெட்டி ஒட்டியோர்

1912ஆம் ஆண்டு பாரிசில் பிக்காசோ, பிரம்பு பின்னலைப் போல அச்சிட்ட மெழுகுத் துணித்துண்டு ஒன்றைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். வரைய வேண்டிய இடத்தில் வாங்கிய பொருள் வந்து அமர்ந்தது. அதே ஆண்டில் அவர் நண்பர் பிராக் தாள்களை ஒட்டி ஓவியம் ஆக்கினார். பிரெஞ்சு மொழியில் ஒட்டுதலைக் குறிக்கும் சொல்லிலிருந்தே கொலாஜ் என்னும் பெயர் பிறந்தது. மலாயில் அதனைக் கோலாஜ் என வழங்குகிறோம்.

முதல் உலகப்போருக்குப் பின் பெர்லினில் ஹானா ஹோக், ராவுல் ஹவுஸ்மன், ஜான் ஹார்ட்ஃபீல்டு முதலியோர் செய்தித்தாளிலும் இதழ்களிலும் வந்த நிழற்படங்களை வெட்டிப் புதிதாகப் பொருத்தினர். பொறியாளர் எந்திர உறுப்புகளைப் பூட்டுவதைக் குறிக்கும் சொல்லையே அவர்கள் தம் கலைக்குப் பெயராகக் கொண்டனர். மோண்டாஜ் என்பது அதுவே.

நகரமே பொருளாக அமைந்த ஒட்டுப்படங்களுள் புகழ்பெற்றது, பால் சிட்ரோன் 1923இல் ஆக்கிய ‘மெட்ரோபொலிஸ்’. பெர்லினில் பிறந்து டச்சுக் கலைஞராக வாழ்ந்த அவர், ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்றவர். நிழற்படங்களையும் அஞ்சலட்டைகளையும் வெட்டி நெருக்கமாக ஒட்டி, மேலிருந்து கீழ்வரை கட்டடங்களாலேயே தாளை நிரப்பினார். மாடிமேல் மாடி, சன்னலருகே சன்னல்; பார்ப்பவர்க்கு மூச்சு முட்டுகிறது. பெருநகரின் நெருக்கத்தை இதனினும் வலுவாகச் சொல்வது அரிது. ஆயினும் அஃது ஒட்டுப்படம். ஒரு துண்டின்மேல் இன்னொன்றை ஒட்டினால் கீழுள்ளது மறைந்துவிடும். கீழுள்ளதும் தெரிய வேண்டுமெனின் வேறொரு வழி வேண்டும்.

பெயர்த்தோர்

அவ்வழியைப் பரவலாக்கியவர் அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க் (1925–2008). 1958 முதல் 1960 வரை, இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயின் நரகக் காண்டத்துக்கு, அதன் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக 34 ஓவியங்களை ஆக்கினார். இதழ்களிலிருந்து வெட்டிய படங்களைக் கரைப்பான் ஒன்றில் நனைத்தார். படமுள்ள பக்கம் கீழே இருக்குமாறு தாள்மேல் வைத்தார். மை தீர்ந்த பேனாவால் பின்புறம் அழுத்தித் தேய்த்தார். கரைந்த அச்சுமை இதழிலிருந்து விட்டு, தாளில் பற்றியது. தேய்த்த கோடுகளும் படத்தோடு பதிந்தமையால், அச்சுப்படமே கையால் வரைந்ததுபோல் தோன்றியது. நியூயார்க் தற்காலக் கலை அருங்காட்சியகத்தில் அவ்வோவியங்கள் உள்ளன.

1962 முதல் 1964 வரை அவர் பட்டுத்திரை அச்சைக் கையாண்டு பெரிய துணிகளில் நிழற்படங்களைப் பதித்தார். நியூயார்க்கின் தெருப் பெயர்ப்பலகைகள், சுதந்திரச் சிலை, கட்டடங்கள் ஆகியன அவற்றில் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் சாயத்தில் பாதி மறைந்தும் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்றுக்கு ‘எஸ்டேட்’ என்றே பெயர். நம் தோட்டத்தை அவர் கருதினார் அல்லர். அச்சொல்லுக்குச் சொத்து என்றும் பொருளுண்டு. 1964இல் வெனிஸ் நகரக் கலைக்காட்சியில் ஓவியத்துக்குரிய பெரும்பரிசு அவருக்குக் கிடைத்தது.

நம் பள்ளிகளுக்கு இக்கலை எட்டியதற்கு வேறொரு கண்டுபிடிப்பும் காரணம். 1938ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் செஸ்டர் கார்ல்சன் என்பார், மின்னேற்றம் பெற்ற தகட்டில் தூளைத் தூவி, அன்றைய தேதியையும் அவ்வூர்ப் பெயரையும் முதன்முதலாக உலர்முறையில் நகலெடுத்தார். 1959இல் அம்முறையில் அமைந்த அலுவலகப் பொறி விற்பனைக்கு வந்தது. நம் பேச்சில் போட்டோஸ்டேட் எனப்படும் நகல் இதுவே. இப்பொறியும் லேசர் அச்சுப்பொறியும் நீர்மையான மையைக் கையாளுவதில்லை. டோனர் எனப்படும் நுண்ணிய நெகிழித்தூளை வெப்பத்தால் உருக்கித் தாளின்மேல் ஒட்டவைக்கின்றன. தூள் தாளுக்குள் ஊறாமல் மேலேயே தங்குவதனாலும், நீரில் கரையாததனாலும், அதனைத் தாளிலிருந்து பிரித்தெடுக்க முடிகிறது. படப்பெயர்ப்பின் அடிப்படை இச்செய்தியே ஆகும்.

இன்று இம்முறையில் சிறந்து விளங்குபவர் இன்ஜிடெக்கா அக்குன்யிலி கிராஸ்பி. 1983இல் நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் இவ்வம்மையார், தம் ஓவியங்களில் வீட்டின் உட்புறங்களைத் தீட்டி, சுவரிலும் தரையிலும் ஆடையிலும் நைஜீரிய இதழ்களிலிருந்தும் குடும்பத் தொகுப்பிலிருந்தும் எடுத்த நிழற்படங்களைப் பெயர்த்துப் பதிக்கிறார். எட்ட நின்று பார்த்தால் ஓர் அறை. நெருங்கிப் பார்த்தால் விட்டுவந்த நாடு. வாழும் வீட்டின் அடியில் பிறந்த மண் தெரிகிறது. இடம்பெயர்ந்தோர் வழிவந்த நமக்கு இவ்வோவியங்களை விளக்கப் பெரிதாக உரை வேண்டுவதில்லை.

பியர்டன் காட்டிய தெரு

நகரக் காட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர் தவறாது அறிய வேண்டிய ஓவியம் ரோமாரே பியர்டன் 1971இல் ஆக்கிய ‘தி பிளாக்’. அது பெயர்ப்பு ஓவியம் அன்று. நிழற்பட நகல்கள், வண்ணத்தாள், சாயம், மை ஆகியவற்றாலான ஒட்டுப்படம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. ஆறு பலகைகள் கொண்டது. உயரம் 4 அடி, நீளம் 18 அடி.

பியர்டன் 1911இல் அமெரிக்காவின் தென்பகுதியில் பிறந்தார். தென்னகத்து வயல்களை விட்டு வடக்கின் நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் திரள்திரளாகப் பெயர்ந்த காலம் அது. அவர் குடும்பமும் அவ்வாறே நியூயார்க்கு வந்தது. அங்கே ஹார்லெம் என்னும் பகுதியில், லெனாக்ஸ் நிழற்சாலையில் 132ஆம் 133ஆம் தெருக்களுக்கு இடைப்பட்ட வீட்டு வரிசையை, எழுத்தாளர் ஆல்பர்ட் மரே என்னும் நண்பர் வீட்டு மாடத்திலிருந்து பார்த்து வரைந்ததே இவ்வோவியம்.

அதில் வானளாவிய கோபுரம் எதுவும் இல்லை. தேவாலயம், முடிதிருத்தும் கடை, மளிகைக்கடை, படிக்கட்டில் அமர்ந்திருக்கும் மக்கள் ஆகியனவே உள. சில இடங்களில் சுவரை அகற்றிவிட்டு உள்ளே நடப்பதைக் காட்டுகிறார். வெளியே தெருவும் உள்ளே வாழ்வும் ஒரே நோக்கில் தெரிகின்றன. முதன்முதல் காட்சிக்கு வைத்தபோது தெருவின் ஓசைகளைப் பதிவுசெய்து உடன் ஒலிக்கச் செய்தார். பியர்டன் நெடுங்காலம் நியூயார்க் நகராட்சியில் சமூகநலப் பணியாளராகவும் இருந்தவர் என்பது கருதத்தக்கது. வீடுவீடாகச் சென்று மக்களின் குறை கேட்டவர்க்கு, சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்தது.

நம் மாணவரிடம் ‘நகரம்’ என்று சொல்லி வரையச் சொல்லுங்கள். ஐந்தாம் ஆண்டு மாணவர் பத்துப்பேரில் எட்டுப்பேர் இரட்டைக் கோபுரத்தை வரைவர்; கீழே ஒரு சாலை, நான்கு கார்கள், மேலே சூரியன். ஆள் ஒருவரும் இரார். 452 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரம் நாட்டின் பெருமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்படத்தில் மாணவனுடைய தாத்தாவுக்கு இடமில்லை. அவர் போட்ட தண்டவாளத்துக்கும் இடமில்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போன பின்னர், நம் குடும்பங்கள் பல பட்டணம் சேர்ந்துவிட்டன. சேர்ந்த இடத்தில் பிள்ளைகள் தம்மை விருந்தினராகவே எண்ணி வளர்கின்றனர். அந்நகரின் அடியடுக்கில் தம் முன்னோர் உழைப்பும் உள்ளது என்பதை அறிந்தால் அவ்வெண்ணம் மாறும். ஓவிய வகுப்பில் இதனைச் செய்ய இயலும் என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

வெண்மை மறையும் விந்தை

செய்முறைக்குச் செல்லுமுன் ஒரு தத்துவத்தை மனங்கொள்ள வேண்டும். கறுப்புவெள்ளை நகலில் கறுப்பு மட்டுமே தூள்; வெள்ளை என நாம் காண்பது வெறுந்தாள். பெயர்க்கும்போது தாளைத் தேய்த்து அகற்றிவிடுகிறோம். ஆகவே கறுப்பு தங்குகிறது; வெள்ளை இருந்த இடம் கண்ணாடியாகிறது. அவ்விடத்தில் கீழே என்ன உள்ளதோ அது தெரியும். நிழற்படத்து வானம் இருந்த இடத்தில், நாம் முன்னரே ஒட்டிவைத்த பழைய நிலப்படம் தெரியலாம். வெள்ளைச் சுவர் இருந்த இடத்தில் செங்கல் தெரியலாம்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படும். முதலாவது, அடித்தளம் வெளிறியதாக இருத்தல் வேண்டும். கருமையான பரப்பில் கரிய தூள் தெரியாது; படம் விழுங்கப்பட்டுவிடும். இரண்டாவது, ஓவியத்தைக் கீழிருந்து மேலாகத் திட்டமிட வேண்டும். மேலே எதை வைப்பது என்பதைவிட அடியில் எதை வைப்பது என்பதே முதலில் முடிவுசெய்ய வேண்டியது. அடியில் ஒன்றும் இல்லையேல் ஊடே தெரிவதற்கும் ஒன்றும் இராது.

செய்முறை

வாரம் ஒரு மணி நேரமாக நான்கு வாரங்களில் இதனை முடிக்கலாம். வேண்டுவன: ஏ3 அளவில் தடித்த அட்டை, பழைய செய்தித்தாள், வெள்ளை எமல்ஷன் சாயம், நீர்ச்சாயம், பென்சில், அக்ரிலிக் ஜெல், அகன்ற ஒட்டுநாடா, பஞ்சு, பழைய தொலைபேசி அட்டை போன்ற நெகிழி அட்டை, லேசர் அல்லது போட்டோஸ்டேட் நகல்கள். இங்க்ஜெட் அச்சு ஆகாது. அதன் மை நீர்பட்டதும் கலங்கி ஓடிவிடும்.

முதல் வாரம், அடித்தளம். நிலப்படத்தின் நகல், செய்தித்தாள் பத்தி, பழைய பேருந்துச் சீட்டு முதலியவற்றை அட்டையில் ஒட்டுக. செய்தித்தாள் நாளடைவில் பழுப்பேறும். மரக்கூழில் உள்ள லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுவதே காரணம். ஆதலின் மேலே எமல்ஷனை நீர்விட்டு மெல்லியதாகப் பூசி, ஈரம் உலருமுன் துணியால் இங்குமங்கும் துடைத்துவிடுக. எழுத்து பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் நிற்கும்.

இரண்டாம் வாரம், நிலம். மெல்லிய தாளைச் செங்கல் சுவர்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்துச் சுவரின் வடிவைப் பதிவெடுக்கச் செய்க. மெழுகு வண்ணக்கோல் வேண்டாம். மெழுகின்மேல் ஜெல் பற்றாது. அப்பதிவைக் கிழித்து அடிப்பகுதியில் ஒட்டுக. காவியும் மஞ்சளும் நீர்த்த சாயமாகப் பூசுக. பிரிக்பீல்ட்சின் களிமண்ணும் சூளையும் இவ்வடுக்கில் அமையும்.

மூன்றாம் வாரம், படப்பெயர்ப்பு. நிழற்படத்தின் நகலை வேண்டிய அளவு கத்தரித்துக் கொள்க. அட்டையில் படம் அமையும் இடத்தில் அக்ரிலிக் ஜெல்லை, ரொட்டியில் வெண்ணெய் தடவும் அளவில், ஒரே சீராகப் பூசுக. படமுள்ள பக்கம் கீழே இருக்குமாறு நகலை அதன்மேல் வைத்து, நெகிழி அட்டையால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி இழுத்துக் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுக. ஓரத்தில் பிதுங்கும் ஜெல்லைத் துடைத்துவிடுக. தாளின் மேற்புறத்தில் அது பட்டால் அவ்விடத்தில் தாள் பின்னர் உரியாது. நம் நாட்டு ஈரக்காற்றில் சில மணி நேரம் போதாது. ஓரிரவு முழுதும் உலரவிடுக.

மறுநாள் நனைந்த பஞ்சினால் தாளின் பின்புறத்தை ஈரமாக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் தாள் திரிதிரியாக உரியும். அடியிலிருந்து படம் மெல்ல வெளிப்படும். மாணவர் மகிழ்ந்து ஆரவாரிப்பது இவ்விடத்தில்தான்; அவசரப்பட்டு அழுத்தித் தேய்த்துப் படத்தையே பெயர்த்துவிடுவதும் இவ்விடத்தில்தான். காய்ந்தபின் வெண்படலம் ஒன்று மீண்டும் தோன்றும். எஞ்சிய தாள்நாரின் இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிப்பதால் வருவது அது. மீண்டும் நனைத்துத் தேய்க்கவேண்டும். இரண்டு மூன்று முறைக்குப் பின்னும் சிறிது எஞ்சினால், மேலே ஒரு மெல்லிய ஜெல் பூச்சுக் கொடுத்தால் அது நாரினுள் இறங்கிப் படலத்தைத் தெளிவாக்கும்.

ஜெல்லுக்கு விலை மிகுதி எனின் வெள்ளைப் பசையைக் கையாளலாம். ஆனால் நீர் மிகுந்தால் பசை மீண்டும் இளகி வெளுக்கும். ஆகவே சிறிது சிறிதாக நனைக்க வேண்டும். இதனினும் எளிய வழி ஒட்டுநாடா. நகலின்மேல் நாடாவை ஒட்டி, கரண்டியின் பின்புறத்தால் நன்கு அழுத்தித் தேய்த்து, தட்டில் நீர்விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்துத் தாளை உரித்தெடுத்தால், படம் நாடாவோடு ஒட்டிக்கொண்டு கண்ணாடித் துண்டுபோல் கைக்கு வரும். அதனை வேண்டிய இடத்தில் ஒட்டலாம். சில்லறைக் காசில் முடியக்கூடிய இம்முறை சிறிய பள்ளிகளுக்கு ஏற்றது.

ஒன்றை மறத்தல் ஆகாது. ஜெல் முறையில் படம் இடவலம் மாறிப் பதியும். மரத்துக்கும் சுவருக்கும் அதனால் கேடில்லை; கடைப் பெயர்ப்பலகைக்குக் கேடுண்டு. தமிழெழுத்துத் தலைமாறி நின்றால் எழுத்தறிந்த கண் அங்கேயே தடுக்கி நிற்கும். பெயர்ப்பலகை உள்ள படங்களைக் கணினியில் முன்னரே இடவலம் மாற்றி அச்சிடுக. அல்லது அவற்றுக்கு மட்டும் ஒட்டுநாடா முறையைக் கொள்க. அதில் எழுத்து நேராகவே அமையும்.

நான்காம் வாரம், இணைப்பு. பெயர்த்த படங்கள் இப்போது தனித்தனித் தீவுகளாக நிற்கும். அவற்றைக் கோட்டாலும் வண்ணத்தாலும் இணைக்க வேண்டும். ஒரு தண்டவாளக் கோடு அடியிலிருந்து எழுந்து மேலுள்ள தெருவாகலாம். உரிந்துபோன இடத்தில் மாணவன் பேனாவால் ஒரு சன்னலையோ ஆளையோ வரையலாம். இறுதியாக அக்ரிலிக் பூச்சு ஒன்றைக் கொடுத்து முடிக்கவும்.

எவ்வகைப் படங்கள்?

இதழ்களிலிருந்து எடுத்த கண்கவர் படங்களைவிட, மாணவர் வீட்டில் உள்ளவையே சிறந்தவை. பாட்டி ரப்பர் வாளியோடு நிற்கும் படம், தாத்தாவின் சிவப்பு அடையாள அட்டை, இரயில்வே சீருடை, திருமணப் படம், பழைய கடவுச்சீட்டு ஆகியன பல வீடுகளில் இன்றும் உண்டு. எனினும் மூலப்படத்தைப் பள்ளிக்குக் கொண்டுவரச் சொல்லுதல் கூடாது. வீட்டிலேயே கைப்பேசியில் படமெடுத்து அனுப்பச் சொல்லி, அதனை அச்சிடுதலே தக்கது. ஒரே பிரதியாக உள்ள படம் நீரில் நனைந்தால் அதனை மீட்க வழியில்லை. அடையாள அட்டையின் எண்ணை மறைத்துவிட்டு நகலெடுக்க வேண்டும். உயிருடன் உள்ளோர் படமாயின் அவர் இசைவையும் பெறுக.

படம் கேட்கப் போன பிள்ளை கதையும் கேட்டு வருவான். “இது எந்த ஊரு தாத்தா?” என்னும் ஒரு வினாவில் அரைமணிப் பேச்சு பிறக்கும். எம் பள்ளியில் இப்பயிற்சியை நடத்தியபோது, ஒரு மாணவியின் பாட்டி படத்தோடு தம் பழைய பிரட்டுக்களத்தின் பெயரையும், ஆளைப் பேர் கூப்பிட்ட கங்காணி நின்ற இடத்தையும் சொல்லியனுப்பினார். அத்தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. அம்மாணவி தன் ஓவியத்தில் புதிய மாடிவீடுகளின் ஊடே ரப்பர் மர வரிசை தெரியுமாறு அமைத்தாள். ஓவிய வகுப்பு முடிந்த மறுவாரம் அதே பொருளில் கட்டுரை எழுதச் சொன்னேன். வழக்கமாக அரைப்பக்கத்தில் நின்றுவிடுபவள் இரண்டு பக்கம் எழுதினாள். தமிழாசிரியர்க்கு இதனினும் என்ன வேண்டும்?

எச்சரிக்கை

ரௌஷன்பர்க் கையாண்ட கரைப்பான் முறையும், அசிட்டோன் முறையும் வகுப்பறைக்கு உரியன அல்ல. அக்கரைப்பான்கள் எளிதில் தீப்பற்றுவன; அவற்றின் ஆவி தலைச்சுற்றலும் கண்ணெரிச்சலும் தரும். அவ்வழியின் வரலாற்றைச் சொல்லலாம்; செய்து காட்ட வேண்டியதில்லை. ஜெல், பசை, நாடா ஆகிய மூன்றும் நீரால் செயற்படுவன. சிறுவர் கைக்கு ஏற்றவை. தேய்த்த தாள்நாரையும் கழுவிய பசையையும் கழுவுதொட்டியில் விட்டால் குழாய் அடைபடும். வாளியில் வடித்துக் குப்பையில் சேர்க்கப் பழக்குக.

மதிப்பிடும் முறை

இவ்வகை ஓவியத்தை எவ்வாறு மதிப்பிடுவது? படம் குறையின்றிப் பெயர்ந்துள்ளதா என்று மட்டும் பார்த்தால் கைத்திறனை அளந்தவராவோம். மூன்று வினாக்களை எழுப்பலாம். அடியிலுள்ள அடுக்கு மேலே எங்கேனும் தெரிகிறதா? ஒவ்வோர் அடுக்கும் எக்காலத்தது என்று மாணவனால் சொல்ல இயலுமா? அந்நகரில் மனிதர் உளரா? இம்மூன்றுக்கும் ஆம் எனின், ஓரங்கள் கிழிந்திருப்பினும் அது நல்ல ஓவியமே. முதலாவதற்கு இல்லை எனின், எவ்வளவு தூய்மையாக இருப்பினும், அஃது ஒட்டிவைத்த படங்களின் தொகுப்பு மட்டுமே.

அளவுக்கு மீறி அடுக்குவதும் குற்றமே. நான்கு அடுக்குக்கு மேற்சென்றால் சேறுபோல் குழம்பும். பதிக்கும் படங்களை மூன்று நான்கு அளவில் நிறுத்தி, எஞ்சிய இடத்தை வெறுமையாக விடக் கற்பிக்க வேண்டும். கண் இளைப்பாற இடமின்றேல் கதை கேட்கவும் அதனால் இயலாது.

கோலாலம்பூராயினும், ஈப்போவாயினும், பினாங்காயினும், சிங்கப்பூராயினும் முறை ஒன்றே. தத்தம் பள்ளிக்கு அண்மையிலுள்ள பட்டணத்தின் பெயர்க்காரணத்தை முதலில் ஆராய்க. அதுவே பெரும்பாலும் அடியடுக்கைக் காட்டிவிடும். பின்னர் மாணவரை வீட்டுப் படங்களைத் தேடச் செய்க. பாட்டி தாத்தாக்கள் இருக்கும் காலத்திலேயே இதனைச் செய்தல் நன்று. அவர்கள் மறைந்தபின் படம் எஞ்சும். படத்திலுள்ள மரம் எந்தத் தோட்டத்து மரம் என்று சொல்ல ஆளிருக்காது. அடுத்த பருவத்துக் காட்சிக்கலைப் பாடத்திட்டத்தில் நான்கு வாரங்களை இதற்கென ஒதுக்கிப் பார்க்குமாறு ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.